பழவேற்காட்டில் டச்சு வீடு எங்கே?

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு வந்திறங்கும் வெளியூர்க்காரர் முதலில் கேட்பது டச்சுக் கல்லறையை. கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். அடுத்ததாகக் கோட்டையைக் கேட்பார். முள் மண்டிய மேட்டையும் அதைச் சுற்றியுள்ள அகழியையும் காட்டுவார்கள். டச்சுக்காரர்கள் குடியிருந்த வீடு எது என்று கேட்டால்தான் கைகாட்ட ஒன்றுமில்லை. 1610இல் இங்கே காலூன்றியவர்கள், ஆங்கிலேயர் வசம் ஊர் இருந்த ஆண்டுகள் போக, 1825 வரை இருந்திருக்கிறார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு நெடுங்காலம் தலைமையிடமாக இருந்த ஊர் இது. இறந்தவர்களுக்கு எழுப்பிய கற்கள் இன்றும் நிற்கின்றன. வாழ்ந்தவர்களின் வீடுகள் ஏன் நிற்கவில்லை? திருவள்ளூர் மாவட்டத்தின் வரலாற்றில் அக்கறையுள்ள எவரும் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

காலனி வீடு ஒன்று ஐந்நூறு ஆண்டு தாங்குமா என்றால், தாங்கும். கொலம்பஸ் இந்தியாவைத் தேடிப் போய்க் கரீபியன் தீவுகளில் இறங்கினார். அவருடைய மகன் தியேகோ கொலோன் 1510ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாந்தோ தொமிங்கோ நகரில் பவளச் சுண்ணக்கல்லால் ஒரு மாளிகை கட்டினார். 1586இல் ஆங்கிலக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் அந்த நகரைச் சூறையாடினார். பதினெட்டாம் நூற்றாண்டில் மாளிகை பாழடைந்தது. 1955க்குப் பிறகு அதைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக்கினார்கள். இன்று அங்கே தெரிவதில் கணிசமான பகுதி இருபதாம் நூற்றாண்டுக் கொத்தனாரின் கைவேலை. ஆனாலும் இடம் தெரிகிறது, சுவர் தெரிகிறது, யார் இருந்தார்கள் என்பதும் தெரிகிறது. அந்த மாளிகை எழுந்த அதே காலத்தில், 1515இல், போர்ச்சுகீசியர் பழவேற்காட்டில் மகிமை மாதாவுக்குக் கோயில் கட்டியதாகச் சொல்லப்படுகிறது. பலமுறை மாறிய கட்டடங்களோடு அந்த வழிபாடு இன்றும் தொடர்கிறது. கோயில் தொடர்ந்த ஊரில் வீடு தொடரவில்லை.

ஐரோப்பியர் வந்துதான் இந்த ஊர் பெரிய ஊரானது என்று எண்ணினால் தவறு. விஜயநகரப் பேரரசின் முக்கியத் துறைமுகங்களில் ஒன்று இது. 1505ஐ ஒட்டி வந்த இத்தாலியப் பயணி வர்த்தேமாவும், அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து எழுதிய துவார்த்தே பார்போசாவும் இங்கே முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் நடத்திய பெரும் வணிகத்தைப் பதிவுசெய்திருக்கிறார்கள். பர்மாவின் பெகுவிலிருந்து மாணிக்கக் கல் வந்தது. இங்கிருந்து துணி போனது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல்திட்டு, ஆரணியாறு வந்து சேரும் உவர்நீர், உள்ளே நெசவாளர் ஊர்கள் என்று துறைமுகத்துக்கு வேண்டியதெல்லாம் அமைந்திருந்தது. ஒரே ஒரு குறை: பெரிய கப்பல் முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே வராது. கடலில் நங்கூரமிட்டு, சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்கவேண்டும். அந்தப் படகை ஓட்டத் தெரிந்தவர்கள் இந்தக் கரையின் மக்கள்தான். அவர்கள் இல்லாமல் எந்தக் கம்பெனியும் ஒரு மூட்டைத் துணியைக்கூட ஏற்றியிருக்க முடியாது.

1610இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்றுப் பண்டகசாலை வைத்தது. 1612இல் மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர் வந்து அதைத் தாக்கி அழித்தார்கள். 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலும் ஸ்பெயினும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. ஆகவே பழவேற்காட்டில் பாய்ந்த அந்தத் தாக்குதல், கரீபியன் கடலில் ஸ்பானியருக்கும் டச்சுக்காரருக்கும் நடந்த பகையோடு ஒட்டியது. டச்சுக்காரர் 1634இல் ஸ்பானியரிடமிருந்து குராசோ தீவைப் பறித்தார்கள். அங்கே அவர்கள் கட்டிய வில்லெம்ஸ்டாட் நகரின் வண்ண வீடுகள் இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. அதே நாட்டார், அதே நூற்றாண்டில் பழவேற்காட்டில் கட்டியவற்றில் மிஞ்சியது மேடும் கல்லறையும்.

தாக்குதலுக்குப் பிறகுதான் கோட்டை வந்தது. 1613இல் முடிந்த அதற்கு, கட்டிய தலைவர் வெம்மர் வான் பெர்ஹெமின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தை நினைத்து கெல்டிரியா என்று பெயர் வைத்தார்கள். வீடு எங்கே என்ற கேள்விக்கு முதல் பதில் இங்கேயே கிடைக்கிறது. ஒருமுறை அடிபட்ட கம்பெனி தன் ஆளுநரையும், கணக்கரையும், சரக்கையும், வழிபாட்டையும் மதிலுக்குள் வைத்துக்கொண்டது. ஆளுநரின் வீடு கோட்டையின் உறுப்பு. கோட்டை போனால் வீடும் போகும். சாந்தோ தொமிங்கோவிலும் மதில் உண்டு. ஆனால் அது ஒரு முழு நகரைச் சுற்றிய மதில். பழவேற்காட்டு மதில் ஒரு கம்பெனியைச் சுற்றியது.

அந்த மதிலுக்குள்ளும் வெளியிலும் நடந்த வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று ஒரு கட்டடத்தில் இல்லை, ஒரு புத்தகத்தில் இருக்கிறது. 1630களில் இங்கே போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்மநாபர் என்ற பிராமணரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருவருக்கும் தெரிந்த போர்ச்சுகீசிய மொழியில் பேசிப் பேசி, இந்து சமயத்தின் சடங்குகளையும் நம்பிக்கைகளையும் எழுதினார். அவர் இறந்தபின் 1651இல் லெய்டனில் அது அச்சானது. பர்த்ருஹரியின் சதகங்களின் டச்சு வடிவம் அதில் இருக்கிறது. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதுதான் முதல்முறை. டச்சுக்காரரும் பிராமணரும் போர்ச்சுகீசியத்தில் உட்கார்ந்து பேசிய அந்த அறை உலக அறிவு வரலாற்றில் இடம்பெற வேண்டிய அறை. அது எந்தத் தெருவில் இருந்தது என்று காட்ட ஒரு பலகைகூட ஊரில் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வீட்டின் வரலாறு என்றால் அந்த வீட்டுக்குப் பணம் வந்த வழியும் அதில் சேரும். கம்பெனிக்கு இங்கே நாணயச்சாலை இருந்தது, வெடிமருந்து ஆலை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி. இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணி நன்றாகச் செல்லுபடியானது. 1612இல் ஹென்றிக் புரோவர் என்ற அதிகாரி இந்தக் கரையை மலுக்குத் தீவுகளின் இடக்கை என்றே தம் மேலிடத்துக்கு எழுதினார். துணியைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் பெரியவர்கள், மலயா என்று ஆவணங்களில் வரும் அச்சுதப்ப செட்டியும் அவர் தம்பி சின்னன்னாவும். கப்பல் ஓட்டினார்கள், வரிக் குத்தகை எடுத்தார்கள், அரசர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே நின்று பேசினார்கள். டச்சு வீட்டைத் தேடுபவர் இந்தச் செட்டிமார்களின் வீட்டையும் சேர்த்தே தேடவேண்டும். கம்பெனிக்காரரைவிட அவர்களுக்கு இந்த ஊரில் வேர் ஆழம்.

அடுத்தது சொல்லக் கசக்கும் விஷயம். பழவேற்காடு அடிமை வணிகத் துறைமுகமும்கூட. 1621இல் டச்சுக்காரர் பண்டா தீவு மக்களைக் கொன்றும் துரத்தியும் ஜாதிக்காய்த் தோட்டங்களைக் கைப்பற்றினார்கள். அங்கும் பத்தாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. சோழமண்டலத்தில் பஞ்சம் வந்த ஆண்டுகளில், போர் நடந்த ஆண்டுகளில் ஆள் மலிவாகக் கிடைத்தார்கள். 1620களின் தொடக்கத்திலும், 1640களின் நடுவிலும், 1659 தொடங்கிய பஞ்சத்திலும் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டார்கள். சோற்றுக்கு வழியில்லாமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்களும் அவர்களில் உண்டு. கரீபியன் மாளிகைகளைப் பற்றி எழுதுபவர்கள், அவற்றைக் கட்டிய கறுப்பின அடிமைகளையும் தைனோ பழங்குடிகளையும் பற்றி எழுதாமல் இப்போது முடிப்பதில்லை. பழவேற்காட்டைப் பற்றித் தமிழில் எழுதும்போது கல்லறைச் சிற்பத்தின் அழகோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. போகவேண்டும்.

கரீபியனோடு இந்த ஊருக்குள்ள இன்னொரு நூல் நிஜமாகவே நூல்தான். இந்தப் பகுதியில் நெய்த கட்டம்போட்ட பருத்திக் கைக்குட்டைகளுக்கு ஐரோப்பியச் சந்தையில் ஊரின் பெயரே பெயர். புலிகாட் என்றே விற்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்து விற்கும் அளவுக்கு அதற்கு மவுசு. மதராஸ் கைக்குட்டை என்ற பெயரிலும் அது அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. குவாதலூப், மார்த்தினிக், தொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளில் பெண்களின் தலைக்கட்டுத் துணி அதுதான். அங்கே இன்றும் விழாநாள் உடைக்கு மத்ராஸ் வேண்டும். அந்தத் தீவுகளின் பண்ணை வீடுகளில் வேலை செய்த அடிமைப் பெண்கள் தலையில் கட்டியிருந்தது நம் தறியில் ஓடிய நூல். இந்தக் கரையிலிருந்து துணி மேற்கே போனது, மனிதர்கள் கிழக்கே போனார்கள். இரண்டையும் ஏற்றிய வணிகர் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று அந்நியமில்லை.

இனி வீடுகள் எப்படி மறைந்தன என்பதற்கு வருவோம். 1690இல் கம்பெனி தன் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியது. இதற்கு முன்பே, 1621இல் பழவேற்காட்டில் டச்சுக்காரரோடு சேர்ந்து வணிகம் செய்யப் பார்த்த ஆங்கிலேயர், ஒட்டாமல் வெளியேறி, வடக்கே துர்க்கராஜப்பட்டினத்தில் இருந்து பார்த்து, 1639இல் மதராசப்பட்டினத்தைப் பெற்றிருந்தார்கள். சென்னை வளர வளரப் பழவேற்காடு தேய்ந்தது. 1781இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் எடுத்துக்கொண்டார்கள். பழவேற்காடு திரும்பக் கிடைத்தது, நாகப்பட்டினம் கிடைக்கவில்லை. ஆக, மறுபடி இங்கே தலைமையிடம். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1818இல் திரும்பி, 1824 உடன்படிக்கையின்படி 1825இல் ஒரேயடியாகக் கைமாறியது. இடையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்துவிட்டார்கள். எதிரி திரும்பி வந்தால் உட்கார இடம் இருக்கக்கூடாது என்பது அன்றைய போர்க்கணக்கு.

தகர்ந்த கோட்டையின் செங்கல்லுக்கும் செம்புறாங்கல்லுக்கும் என்ன ஆகும் என்று கரையோர ஊர்க்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. மணலும் உவர்நீரும் சூழ்ந்த இடத்தில் நல்ல கல் கிடைப்பது அரிது. சுண்ணாம்புக்கு மட்டும் பஞ்சமில்லை. ஏரியிலிருந்து கிளிஞ்சல் எடுத்துச் சுட்டால் போதும். கிடைத்த கல்லை எடுத்து அடுத்தவர் தம் சுவருக்கு வைப்பார். உலகத்துப் பழைய நகரங்கள் எல்லாம் அப்படித்தான் மறுபடி மறுபடி கட்டப்பட்டன. கல்லறைக் கல் தப்பியதற்குக் காரணம் பயபக்தி, அதோடு அந்தக் கற்களின் எழுத்தும் வடிவமும். வேறு எதற்கும் உதவாத அளவுக்கு அவை செதுக்கப்பட்டவை. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன, ஒன்றின் தலைமேல் மணற்கடிகாரத்தோடு. அதை எடுத்து யார் தம் வீட்டு நிலைக்கு வைப்பார்? கல்லறைப் பலகை ஒன்றில் கெல்டிரியாக் கோட்டையின் உருவமே செதுக்கப்பட்டிருக்கிறது. கோட்டை எப்படி இருந்தது என்பதற்கு ஊரிலேயே நிற்கும் சாட்சி அந்தக் கல்.

ஆய்வாளர்களின் கண்ணும் இறந்தவர்கள் பக்கமே போயிருக்கிறது. அலெக்சாந்தர் ரீ 1897இல் மதராஸ் மாகாணத்தில் டச்சுக் கம்பெனியின் நினைவுச் சின்னங்களைப் பற்றி வெளியிட்ட நூலில் கல்லறைகளே நிறைந்திருக்கின்றன. ஜூலியன் காட்டன் 1905இல் தொகுத்ததும் கல்லறை எழுத்துகளைத்தான். பிறகு வந்த பெரிய ஆய்வுகள் வணிகத்தைப் பற்றியவை: தபன் ராய்சவுத்ரி 1962இல் எழுதிய நூல், ஈழத்தமிழரான சின்னப்பா அரசரத்தினம் 1986இல் எழுதிய நூல். இருவரும் துணி, வெள்ளி, கப்பல், செட்டி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துக் காட்டினார்கள். அந்த உழைப்பு இல்லாமல் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் கல்வெட்டு அறிஞரும் பொருளாதார வரலாற்றாசிரியரும் விட்ட இடைவெளியில் வீடு விழுந்துவிட்டது. கட்டடக்கலைஞர்கள் இந்த ஊரை அளக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் செம்புறாங்கல் சுவரில் உள்ள சிறு ராமாயணச் சிற்பங்கள் பரவலாகத் தெரியவந்ததும் அத்தகைய முயற்சியால்தான்.

என் கருத்து இது: பழவேற்காட்டின் காலனிக்கால வீட்டைப் பார்க்க விரும்புபவர் மரைக்காயர் தெருக்களுக்குப் போகவேண்டும். டச்சுக்காரர் வருமுன்பே கடல் வணிகத்தில் இருந்த தமிழ் முஸ்லிம்களான மரைக்காயர்கள் அவர்களோடு போட்டியிட்டார்கள், அவர்களுக்குச் சரக்குக் கொடுத்தார்கள், அவர்கள் போன பின்னும் இருந்தார்கள். திண்ணை, மரத்தூண், நடுவில் வானம் பார்த்த முற்றம், பெண்களுக்குத் தனிப் புழக்கம், நாட்டு ஓடு என்ற அமைப்பு கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் எங்கும் உள்ளது. இலங்கையின் கொழும்பிலும் காலியிலும் மிஞ்சியிருக்கும் டச்சு வீடுகளைப் பார்த்தவருக்கு இந்த அமைப்பு அந்நியமாக இராது. முன்னால் தூண் வைத்த நீண்ட தாழ்வாரம், பின்னால் முற்றம், தடித்த சுண்ணாம்புச் சுவர். ஆம்ஸ்டர்டாமின் ஒடுங்கிய உயர்ந்த வீட்டை இந்த வெயிலில் கட்டினால் வெந்துபோவோம் என்று டச்சுக்காரர் சீக்கிரமே தெரிந்துகொண்டு, இந்தக் கரையில் ஏற்கெனவே இருந்ததிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். டச்சுக்காரரை மணந்த போர்ச்சுகீசிய வம்சாவளிப் பெண்களும் வீட்டு வேலைக்கு வைத்திருந்த அடிமைகளும்தான் அந்த வீடுகளின் சமையலையும் பேச்சையும் தீர்மானித்தவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் டச்சு எது, தமிழ் எது என்று பிரிக்க முடியாது, பிரிக்கவும் தேவையில்லை.

இந்தத் தெரு வீடுகளுக்குத் தொல்லியல் சட்டத்தில் இடமில்லை என்பதுதான் இன்றைய சிக்கல். கல்லறைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். கல்லுக்கும் பறவைக்கும் சட்டம் உண்டு, ஆள் குடியிருக்கும் பழைய வீட்டுக்கு இல்லை. அதற்கு மேல், 1958ஆம் ஆண்டு நினைவுச் சின்னச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டத் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கவேண்டும். எல்லைக்குள் வீடுள்ளவர் பழுதுபார்க்கவே மனுப்போட்டு அலையவேண்டும். எல்லைக்கு வெளியே இருப்பவர் நூறாண்டுத் தூணைப் பெயர்த்து விற்றுவிட்டு கான்கிரீட் போடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கல்லறையைக் காக்கும் சட்டம் அதன் அண்டை வீட்டாரைப் பகைத்துக்கொள்ளும்படி அமைந்திருப்பது சரியில்லை. தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2012இல் வந்தது. தொல்லியல் சட்டத்துக்குள் வராத இத்தகைய கட்டடங்களைப் பட்டியலிட அது இடம் தருகிறது. பழவேற்காட்டுத் தெருக்கள் அந்தப் பட்டியலில் முதல் வரிசையில் வரத் தகுதியுள்ளவை.

முடியாத காரியம் இல்லை என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. கொழும்பு பேட்டையில் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஆளுநர் வீடு ஒன்று, மருத்துவமனையாகவும் அஞ்சலகமாகவும் இருந்து சிதைந்தபின் சீராக்கப்பட்டு 1982இல் டச்சுக்கால அருங்காட்சியகமானது. தரங்கம்பாடியில் 2004 சுனாமிக்குப் பிறகு டேனியர் ஆளுநர் மாளிகையோடு, சாதாரணத் தமிழ்க் குடும்பங்களின் ஓட்டு வீடுகளையும் சேர்த்துப் பழுதுபார்த்தார்கள். எனக்குத் தரங்கம்பாடியில் பிடித்தது மாளிகையைவிட அந்த ஓட்டு வீடுகள்தான். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார்கள் அங்கே மறுபடி உருவானார்கள்.

இங்கே அவசரம் அதிகம். தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்களும் காமராஜர் துறைமுகமும், அதை ஒட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்துவிட்டன. மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பாலைகள். நிலத்தின் விலையும் வாடகையும் தொழிற்பேட்டையைப் பார்த்து ஏறுகின்றன. இளைஞர்கள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறார்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. பெரிய வீட்டைப் பங்கு பிரித்தால் முற்றத்துக்கு நடுவே சுவர் வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் மீனவர்கள் ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலைபோடுவது என்பதைப் பாடு முறையில் தலைமுறைகளாகப் பங்கிட்டு நடத்திவருகிறார்கள். ஏரியை அளந்து பங்கிடத் தெரிந்த ஊருக்கு, தன் தெருவை அளந்து எழுதிவைக்க வெளியார் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை, கைகொடுத்தால் போதும்.

செய்யவேண்டியது பெரிய செலவுள்ளதல்ல. சென்னையின் கட்டடக்கலைக் கல்லூரிகள் ஒரு கோடை விடுமுறையில் மாணவர்களை அனுப்பி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு வீட்டையும் அளந்து, படம் வரைந்து, சுவரில் எந்த அளவுச் செங்கல் இருக்கிறது என்று குறிக்கலாம். கோட்டை மேட்டில் கிடக்கும் செங்கல்லின் அளவோடு ஒப்பிட்டால், கெல்டிரியா எந்தெந்தத் தெருவுக்குள் போயிருக்கிறது என்பதே வெளிப்படக்கூடும். ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள கம்பெனிப் பதிவேடுகள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை. அவற்றில் பழவேற்காடு பற்றிய உயில்களையும் வீட்டுச் சாமான் பட்டியல்களையும் தேடித் தமிழில் கொண்டுவர டச்சு படித்த ஒரு தமிழ் ஆய்வாளருக்கு உதவித்தொகை கொடுக்கலாம். வீட்டுக்காரருக்கு, வீட்டை இடிக்காமல் ஓடு மாற்றவும் தூண் பழுதுபார்க்கவும் மானியம் கொடுக்கலாம். மூன்றில் முதலில் தொடங்கவேண்டியது அளவெடுப்பு. மற்ற இரண்டுக்கும் இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஓடு சரியும் வீடுகளுக்குப் பொறுக்காது.